பார்த்துக்கொள்கிறவருக்கும் வைத்தியம்

1995ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில், ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 26 பெண்களின் கையிலிருந்து, அவர்கள் சம்மதத்தோடு, மூன்றரை மில்லிமீட்டர் அகலத்துக்குத் தோலை வட்டமாக வெட்டி எடுத்தார்கள். பிறகு அந்தக் காயம் எப்போது ஆறுகிறது என்று பார்த்துக்கொண்டே வந்தார்கள். ஹைட்ரஜன் பெராக்ஸைடு வைத்தால் நுரைக்காத நாள்தான் காயம் ஆறிய நாள். அந்தப் பெண்களில் 13 பேர் மறதிநோய் வந்த உறவினரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள். மற்ற 13 பேர் ஏறக்குறைய அதே வயது, அதே குடும்ப வருமானம் உள்ளவர்கள். அந்தப் பொறுப்பு மட்டும் இல்லாதவர்கள். பொறுப்பில்லாதவர்களின் காயம் சராசரியாக 39 நாளில் ஆறியது. பராமரிப்பில் இருந்தவர்களுக்கு ஏறத்தாழ 49 நாள் ஆனது.

ஒரு பயறு அளவுகூட இல்லாத காயம். அது ஆறுவதற்கு ஒன்பது நாளுக்கு மேல் கூடுதலாகப் பிடித்தது என்றால், அந்தப் பெண்களின் உடம்புக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது? நாட்பட்ட மன அழுத்தத்தில் கார்ட்டிசால் என்ற சுரப்பு இறங்காமலே இருக்கும். காயம் பட்ட இடத்துக்கு வெள்ளை அணுக்களை வரவழைத்துச் செப்பனிடும் வேலையைத் தொடங்கிவைக்கும் சில புரதங்களின் உற்பத்தி அதனால் குறையும். அந்தப் பெண்களின் ரத்த அணுக்களிலும் இந்தக் குறைவு தெரிந்தது. அடுத்த ஆண்டே இதே குழு இன்னொன்றையும் கண்டது: மறதிநோய் வந்த துணையைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு ஃப்ளூ தடுப்பூசி போட்டாலும் எதிர்ப்பாற்றல் மற்றவர்களுக்கு வருகிற அளவுக்கு வருவதில்லை.

1999இல் ரிச்சர்ட் ஷூல்ஸ், ஸ்காட் பீச் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு இன்னும் கடுமையான சேதியைச் சொன்னது. உடல்நலம் குன்றிய கணவனையோ மனைவியையோ பார்த்துக்கொண்டு, அதனால் மிகவும் நொந்துபோயிருந்த முதியவர்கள் நான்கு ஆண்டுக்குள் இறந்துபோகும் அபாயம், அப்படிப் பொறுப்பு இல்லாதவர்களைவிட 63 சதவீதம் அதிகம். இந்த எண்ணைப் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் அதே ஆய்வின் மறுபாதியைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். பராமரிப்பில் இருந்தும் நொந்துபோகாதவர்களுக்கு அந்தக் கூடுதல் அபாயம் தென்படவில்லை. பார்த்துக்கொள்வது ஆளைக் கொல்வதில்லை. கைகொடுக்க யாருமில்லாமல், தூக்கமில்லாமல், என்ன நடக்கிறதென்று புரியாமல் ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொள்வதுதான் உடம்பை அரிக்கிறது. அந்த நிலையை மாற்ற முடியும்.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், அதாவது சுமார் 88 லட்சம் பேர், மறதிநோயோடு வாழ்கிறார்கள் என்று 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும் அதிகம். ‘பட்டணத்து வியாதி’ என்ற எண்ணம் இன்னும் பலருக்கு இருப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அல்சைமர், பக்கவாதத்தைத் தொடர்ந்து வருகிற ரத்தக்குழாய் வகை, பார்க்கின்சனுக்கு உறவான லூயி பாடி வகை என்று மறதிநோயில் பல உண்டு. இவை எதுவுமே இல்லாமல், பி12 குறைவாலோ தைராய்டு கோளாறாலோ மனச்சோர்வாலோகூட இதே போன்ற தடுமாற்றம் வரலாம். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. “வயசாயிடுச்சு, அப்படித்தான்” என்று வீட்டிலேயே முடிவுகட்டிவிடாமல் ஒரு முறை மருத்துவரிடம் காட்டுவது அதனால்தான் அவசியம்.

அல்சைமரில் முதலில் அடிவாங்கும் பகுதிகளில் ஒன்று, மூளையின் இரு பக்கமும் உள்ளே மடிந்து கிடக்கும் ஹிப்போகேம்பஸ். இன்று நடந்ததை நாளைக்கு நினைவிருக்கும்படி பதிய வைக்கும் இடம் அது. அதனால்தான் காலையில் சாப்பிட்ட இட்லி மறந்துபோகிறது, பத்து வயதில் குளித்த குளம் அப்படியே இருக்கிறது. உணர்ச்சிகளைக் கையாளும் பகுதிகளோ வேறு. 2014இல் அயோவா பல்கலைக்கழகத்தில் அல்சைமர் உள்ள 17 பேருக்குச் சோகமான திரைப்படக் காட்சிகளைக் காட்டினார்கள். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டால் என்ன பார்த்தோம் என்றே பலரால் சொல்ல முடியவில்லை. ஆனால் சோகம் அவர்களை விட்டுப் போகவில்லை. படத்தைப் பற்றி எவ்வளவு குறைவாக நினைவிருந்ததோ அவ்வளவு அதிக நேரம் சோகம் நீடித்தது. காரணம் தெரிந்த சோகத்துக்குச் சமாதானம் சொல்லிக்கொள்ள முடியும். காரணம் மறந்துபோன சோகத்துக்கு எதைச் சொல்லிக்கொள்வது?

வீட்டுக்குள் இதன் பொருள் மிகப் பெரியது. மதியம் ஒருவர் எரிந்து விழுந்தால், அந்தச் சொல் மறந்துவிடும். அதன் கசப்பு சாயங்காலம் வரை இருக்கும். ஆகவே பார்த்துக்கொள்கிறவர் எந்த மனநிலையில் இருக்கிறார் என்பது நோயாளியின் நோயோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட விஷயம். அவர் தூங்கியிருந்தால் ஒரு மாதிரி, தூங்காவிட்டால் இன்னொரு மாதிரி.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் பல வீடுகளில் நடப்பதைச் சொல்கிறேன். வெளிச்சம் மங்கத் தொடங்கியதும் பாட்டி எழுந்து புடவையைச் சரிசெய்துகொள்கிறார். வாசல் பக்கம் போகிறார். “நேரமாச்சு, நான் வீட்டுக்குப் போகணும்.” மருமகள் ஓடிவந்து, “அத்தை, இதுதான நம்ம வீடு, முப்பது வருஷமா இங்கதான இருக்கீங்க” என்கிறார். “பொய் சொல்லாத. எங்க அப்பா தேடுவாரு.” “உங்க அப்பா செத்து எத்தனை வருஷமாச்சு!” அவ்வளவுதான். பாட்டிக்கு அந்த மரணச் செய்தி இப்போதுதான் வருகிறது. அழுகை, ஆத்திரம், கதவைத் தட்டுதல், ராத்திரி பதினோரு மணி வரை.

மருமகள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் மூளைக்குள் பகல்-இரவுக் கடிகாரத்தை ஓட்டும் அணுக்கள் இந்த நோயில் குறைந்துபோகின்றன. நாள் முழுக்கச் சுற்றியுள்ளதைப் புரிந்துகொள்ளப் போராடிய மூளை சாயங்காலத்துக்குள் களைத்தும்விடுகிறது. நிழல் விழுகிற அறை அந்நியமாகத் தெரிகிறது. அப்போது அவர் கேட்கும் வீடு, அவர் பத்திரமாக உணர்ந்த ஏதோ ஒரு காலத்து வீடு. பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் அந்த மருமகளுக்குச் சொல்லித்தருவது இதைத்தான்: நாலரை மணிக்கே எல்லா விளக்கையும் போட்டுவிடுங்கள். மதியத் தூக்கத்தைச் சுருக்குங்கள். அவர் வாசலுக்குப் போனால் வாதாடாதீர்கள். “வாங்க அத்தை, காபி குடிச்சுட்டுப் போகலாம். உங்க வீட்டுல பெரிய கிணறு இருந்துச்சாமே?” என்று கேளுங்கள். கிணற்றைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பெரும்பாலும் வாசல் மறந்துபோகும். எல்லா நாளும் பலிக்காது. பல நாள் பலிக்கும்.

திருட்டுப் பழி இன்னொன்று. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், மாமியார் தன் சங்கிலியைத் தானே அரிசி டின்னுக்குள் புதைத்துவைத்துவிட்டு, மருமகள் எடுத்துவிட்டாள் என்று தெருவெல்லாம் சொன்னார். வைத்தது நினைவில் பதியவில்லை. சங்கிலி இல்லை என்பது மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. அந்த இடைவெளியை மூளை அதற்குத் தோன்றிய விளக்கத்தால் நிரப்பிக்கொள்கிறது. எப்போதும் பக்கத்தில் இருப்பவர் மீதுதான் அந்தப் பழி விழும், அதாவது அதிகம் உழைப்பவர் மீது. இது குணக்கேடில்லை, நோயின் ஓர் அறிகுறி என்று அந்தப் பெண்ணுக்கு யாராவது முதல் மாதமே சொல்லியிருந்தால், அந்தக் குடும்பத்தில் இரண்டு ஆண்டுகள் யாரும் யாரோடும் பேசாமல் இருந்திருக்க மாட்டார்கள். ஒரு தகவல்தான். அதைச் சொல்ல ஆளில்லை.

சொல்ல ஆளை அனுப்பினால் என்ன ஆகும் என்று கோவாவில் பார்த்தார்கள். பின்னணி இது: 1998இல் கொச்சியில் கூடிய ஆய்வாளர்கள் ‘10/66’ என்ற பெயரில் ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். மறதிநோய் உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருந்தும், அவர்களைப் பற்றி நடந்த மக்கள்தொகை ஆய்வுகள் 10 சதவீதம்கூட இல்லை என்பதே அந்தப் பெயரின் கணக்கு. சென்னையும் வேலூரும் அந்தக் குழுவின் களங்களாக இருந்தன. கோவாவில் அமித் டயஸ், விக்ரம் படேல் முதலியோர் ‘சங்காத்’ என்ற தன்னார்வ நிறுவனத்தின் வழியே இரண்டு தாலுகாக்களில் 81 குடும்பங்களைச் சேர்த்து ஒரு சோதனை நடத்தி, 2008இல் முடிவுகளை வெளியிட்டார்கள்.

இந்தக் குடும்பங்களில் ஒரு பகுதிக்கு ஆறு மாதம் ‘வீட்டுப் பராமரிப்பு ஆலோசகர்’ ஒருவர் போய்வந்தார். அவர் டாக்டரோ நர்ஸோ இல்லை. உள்ளூர் மொழி பேசும், பொறுமையுள்ள, குறுகிய பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர். குறைந்தது பதினைந்து நாளுக்கு ஒரு முறை வீட்டுக்குப் போவார். இது என்ன நோய், இனி எப்படிப் போகும் என்று விளக்குவார். குளிக்க மறுத்தால், ராத்திரி எழுந்து நடந்தால் என்ன செய்வதென்று அந்தந்த வீட்டுக்கு ஏற்ப யோசனை சொல்வார். தேவைப்பட்டால் டாக்டரிடம் அனுப்புவார். முதியோருக்கான அரசு உதவிகளை வாங்க வழிகாட்டுவார். இதே நிலையில் உள்ள மற்றக் குடும்பங்களோடு அறிமுகம் செய்துவைப்பார். பின்னால் பகுதிநேரமாக ஒரு மனநல மருத்துவர் இருந்தார். ஏற்பாடு இவ்வளவே.

ஆறு மாதத்தில் பார்த்துக்கொள்கிறவர்களின் மனநலம் அளவுகோலில் தெளிவாகத் தெரியும்படி மேம்பட்டது. நோயாளியின் நடத்தையால் அவர்கள் படும் அவதியும் குறைந்தது. நோயாளிகளின் மறதி அப்படியேதான் இருந்தது. அதே நடத்தை, அதே வீடு. அதைத் தாங்கும் தெம்பு வந்துவிட்டது. உலகத்தின் பெரிய மருந்து நிறுவனங்கள் முயன்றுகொண்டிருக்கும் ஒரு நோயில், பன்னிரண்டாம் வகுப்புப் படித்த உள்ளூர்க்காரரால் செய்யக்கூடிய ஒரு காரியம் நிரூபணமாகியிருக்கிறது. இத்தனை ஆண்டாகியும் இது நாடு முழுக்கப் போகவில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

குடும்பத்தைக் கூட்டி உட்காரவைப்பதன் பலனை இன்னும் துல்லியமாக அளந்தது நியூயார்க் பல்கலைக்கழகத்தின் மேரி மிட்டல்மன் குழு. மறதிநோய் உள்ள துணையைப் பார்த்துக்கொள்ளும் 406 பேர் ஆய்வில் இருந்தார்கள். அவர்களில் ஒரு பாதிக்கு ஆறு ஆலோசனை அமர்வுகள் கிடைத்தன. ஆறில் நான்கு, மற்றக் குடும்பத்தாரையும் வைத்துக்கொண்டு நடந்தவை. பிறகு ஆதரவுக் குழு, எப்போது வேண்டுமானாலும் ஆலோசகரைத் தொலைபேசியில் கூப்பிடும் வசதி. 2006இல் வெளியான முடிவின்படி, இந்த உதவி பெற்றவர்கள் தங்கள் துணையைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்க நேர்ந்த காலம் சராசரியாக 557 நாள் தள்ளிப்போனது. ஒன்றரை ஆண்டு!

அந்த நான்கு அமர்வுகளைப் பற்றி நினைக்கும்போது நம் வீடுகள்தான் என் கண்ணில் வருகின்றன. அம்மாவை வைத்திருப்பது ஊரில் இருக்கும் மகன், உண்மையில் அவன் மனைவி. வெளிநாட்டில் இருக்கும் மகள் வாரம் ஒரு முறை வீடியோவில் வருவாள். “ஏன் அம்மா மெலிஞ்சுபோயிட்டாங்க? சரியாப் பாக்குறீங்களா?” அந்தப் பத்து நிமிடத்தில் அம்மா பிரமாதமாகப் பேசிவிடுவார், பழகிய சம்பிரதாயப் பேச்சு கடைசி வரை தங்குகிற திறன்களில் ஒன்று. ‘நல்லாத்தானே பேசுறாங்க, நீங்கதான் பெருசுபடுத்துறீங்க’ என்று முடிவாகிவிடும். மூன்றாம் மனிதர் ஒருவர் எல்லோரையும் உட்காரவைத்து, நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, யார் பணம் தருவது, மாதத்தில் எந்த இரண்டு நாள் யார் வந்து மாற்றிவிடுவது என்று பேசவைத்தால், அந்த மருமகளின் சுமையில் பெரும்பகுதி அன்றைக்கே இறங்கும். மிட்டல்மன் கணக்கிலும், கிடைத்த பலனின் பெரும்பங்கு மூன்று விஷயங்களால் வந்தது: சுற்றத்தின் ஆதரவில் திருப்தி, நடத்தைகளைத் தாங்கும் பக்குவம், மனச்சோர்வு குறைந்தது.

நோயாளிக்கே நேரடியாகப் பயன்படும் மருந்தில்லாச் சிகிச்சைகளும் உண்டு. பிரிட்டனில் எய்மி ஸ்பெக்டர் குழு வடிவமைத்த அறிவுத் தூண்டல் சிகிச்சை அதில் முக்கியமானது. ஆறேழு பேர் வட்டமாக உட்கார்ந்து, வாரம் இரு முறை, மொத்தம் 14 அமர்வுகள். சாப்பாடு, சின்ன வயது, பாட்டு, பணம், நாட்டு நடப்பு என்று ஒவ்வொரு நாளும் ஒரு பொருள். சரியா தப்பா என்று கேட்காமல், என்ன தோன்றுகிறது என்று கேட்பார்கள். 201 பேரை வைத்து 2003இல் நடந்த சோதனையில் இதன் பலன், அல்சைமருக்குக் கொடுக்கும் வழக்கமான மாத்திரைகளின் பலனோடு ஒப்பிடக்கூடியதாக இருந்தது. இதைத் தமிழ்நாட்டுச் சூழலுக்கு ஏற்றபடி மாற்றிச் சோதித்தது சென்னையின் ஸ்கார்ஃப் நிறுவனம். புதிய மருந்தான லெக்கனிமாப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு மட்டும், 18 மாதத்தில் நோயின் வேகத்தை 27 சதவீதம் குறைத்தது. நோயைத் திருப்பிவிடவில்லை. விலையும், மூளை வீக்கம், ரத்தக்கசிவு பற்றிய கண்காணிப்பும் பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாதவை.

சரி, இங்கே யாரிடம் போவது? 1992இல் கேரளத்தில் மருத்துவர் ஜேக்கப் ராய் முன்னின்று தொடங்கிய இந்திய அல்சைமர் சங்கத்துக்குச் சென்னை உட்படப் பல ஊர்களில் கிளைகள் உண்டு. குடும்பங்கள் கூடிப் பேசும் ஆதரவுக் குழுக்களைத் தேட அதுவே நல்ல தொடக்கம். ஸ்கார்ஃப் நிறுவனத்துக்கு மறதிநோய்க்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. 1978இலேயே, நாட்டிலேயே முதலாவதாக, சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோர் மருத்துவப் பிரிவு தொடங்கியது. 2024இல் கிண்டியில் முதியோருக்கென்றே தேசிய மருத்துவமனை வந்தது. முதியோர் உதவி எண் 14567, மனநல ஆலோசனைக்கு 14416, இரண்டும் இலவசம்.

பகல்நேர மையங்கள் பெரிய நகரங்களை விட்டால் அநேகமாக இல்லை. ஏஜென்சி வழியே வரும் அட்டெண்டர்களில் பலருக்கு ஊசி, டயப்பர் தெரியும். மறதிநோய் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். 12 மணி நேர ஷிஃப்ட், குறைந்த கூலி. ஆளை வைக்கிற குடும்பம் முதல் நாளே உட்கார்ந்து, அம்மாவுக்கு எது பிடிக்கும், எதைச் சொன்னால் கோபம் வரும், குளிக்க எந்த நேரம் தோது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் இருவருக்கும் நல்லது.

காகித வேலையைத் தள்ளிப்போடவே கூடாது. இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, அதிகாரப் பத்திரம் எழுதிக்கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்துவிட்டால் அந்த அதிகாரமும் முடிந்துவிடும். எந்த நாளுக்காக எழுதி வைத்தோமோ அந்த நாளில் அது உதவாது. காப்பாளராக நியமிக்கச் சொல்லி நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். நோய் ஆரம்பக் கட்டத்தில், அவரே புரிந்து முடிவெடுக்கக்கூடிய நாட்களில், கூட்டு வங்கிக் கணக்கு, நாமினி, உயில் எல்லாவற்றையும் அவரோடு பேசி முடித்துவிட வேண்டும். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம், தன் சிகிச்சை எப்படி இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கவும், தன் சார்பில் பேச ஒருவரை நியமிக்கவும் உரிமை தருகிறது. மறதிநோய்க்கு மாற்றுத்திறனாளிச் சான்றிதழும் வாங்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. அது கையில் இருந்தால், பழைய வரிமுறையில் வருமான வரி கட்டும் பிள்ளைக்கு 75,000 ரூபாய், குறைபாடு கடுமையாக இருந்தால் 1,25,000 ரூபாய் வருமானத்தில் கழிவு உண்டு.

வரி கட்டும் பிள்ளை இல்லாத வீடுகளே அதிகம். நோய் கிராமத்தில் அதிகம் என்று பார்த்தோம். மையங்களும் நிபுணர்களும் இருப்பதோ சென்னையில். இந்த இடைவெளிக்குப் பாலம் போடக்கூடிய ஓர் அமைப்பு தமிழ்நாட்டில் ஏற்கெனவே வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் வாசலிலேயே ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், சர்க்கரை மாத்திரை கொடுக்கிறார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சையாளரும் நோய்த்தணிப்புச் செவிலியரும் வருகிறார்கள். எந்த வீட்டில் பாட்டி வழிதவறிப் போனார், எந்த வீட்டில் மருமகள் ராத்திரி தூங்குவதில்லை என்பதெல்லாம் இந்தப் பெண்களுக்கு ஏற்கெனவே தெரியும். கோவாவின் ஆலோசகருக்குக் கற்றுத்தந்ததை இவர்களுக்குக் கற்றுத்தர வேண்டும், கூடுதல் வேலைக்குக் கூடுதல் ஊதியம் தர வேண்டும். சிக்கலான வீடுகளைப் பற்றிக் கேட்க, மாவட்ட மனநலத் திட்டத்தின் மனநல மருத்துவரோடு தொலைபேசித் தொடர்பு வேண்டும். முதலில் ஒரே ஒரு வட்டாரத்தில், ஆறு மாதத்துக்கு, கோவாவில் அளந்த அதே அளவுகோலை வைத்து இதைச் செய்து பார்க்கலாம்.